எதற்கு ஸ்தோத்திரம்?

அத்தியாயம் 11

கசங்கிய விரிப்பு சூடான உருளைக்குள் போனது. மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வந்து விழுந்தது. பெரியவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். யாரோ ரத்தம் கக்கிய துணி, யாரோ உயிரை விட்ட துணி. ஒரு கொதி, ஒரு அலசல், ஒரு தேய்ப்பு. ஒன்றுமே நடக்காதது போல மடிந்து உட்கார்ந்துவிடுகிறது. மானம் கெட்ட துணி.

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். மறுமுனையைப் பிடித்திருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. காலையிலிருந்து அவள் வாயில் ஒரே செய்தி: சாயங்காலம் பெரியவளின் அம்மா வீட்டில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டமாமே, போதகர் வருகிறாராமே, அந்த ஒற்றை அறையில் அத்தனை பேருக்கும் இடம் ஏது, நாற்காலி போதுமா.

“நாற்காலி கிடக்கட்டும். ஸ்தோத்திரம் எதுக்குன்னு கேளு” என்றாள் பெரியவள். “பெத்த பிள்ளை செத்து ஆறு வாரம். எதுக்கு ஸ்தோத்திரம்?”

“நீ இழுக்கிற இழுப்புல விரிப்பு கிழியப்போகுது. ஏச்சு ரெண்டு பேருக்கும்தான்.” ரேடியோ கொஞ்சம் குரலைத் தணித்தாள். “நிஜமாவே இன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டு விடுதிக்கு வரப்போறியா?”

பெரியவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். ஈரத்துணி சாட்டை மாதிரி சொடுக்கியது.

நடந்தது இதுதான். பெரியவளின் தம்பி வெல்டர். பால் நிரப்புகிற பெரிய ஸ்டீல் டேங்குகள் செய்யும் பட்டறையில், டேங்கின் வயிற்றுக்குள் புகுந்து தகட்டோடு தகட்டைச் சேர்க்கிற வேலை. வெல்டிங்குக்கு விடுகிற ஆர்கான் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் தண்ணீர் போல அடியில் தேங்கி, காற்றை வெளியே தள்ளிவிடும். தொண்டை எரியாது, இருமல் வராது. உறக்கம் வருவது போல வரும். பிறகு ஒன்றும் வராது.

அதனால்தான் டேங்கின் வாயில் ஒருவன் உட்கார வேண்டும் என்று விதி. உள்ளே இருப்பவனின் இடுப்புக் கயிறு இவன் கையில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தியலால் டேங்கில் இரண்டு தட்டு தட்டுவான். உள்ளேயிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தால் ஆள் இருக்கிறான். வராவிட்டால் யோசிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும்.

அன்று டேங்கின் வாயில் உட்கார்ந்திருந்தவன் பெரியவளின் புருஷன்.

பட்டறையின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: ‘காவலுக்கு இருந்தவர் இடத்தை விட்டு எழுந்து சென்றிருந்தார்.’ கீழே அவன் கையெழுத்து. பெரியவள் தன் கண்ணால் பார்த்தாள். அன்றோடு பேச்சை அறுத்தாள். சாப்பாடு மட்டும் போடுவாள். வைய வேண்டியதையெல்லாம் தட்டை வைக்கிற சத்தத்திலேயே வைதுவிடுவாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. டீக்குப் போனானா, பீடிக்குப் போனானா, வெயிலுக்கு ஒதுங்கினானா, அதைக்கூடச் சொல்லவில்லை. தின்றான், எழுந்தான், வேலைக்குப் போனான். அதே பட்டறைக்கு.

இதையாவது பொறுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னதை அவளால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறேன், மாப்பிள்ளையை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன் என்றாள் அம்மா, ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு இடம் ஒதுக்குவது போல.

முன்வரிசை! பெரியவள் அன்றே பெட்டி கட்டினாள். சலவைக்கூடப் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கேட்டு வாங்கினாள். யோசித்து வைத்திருந்தது சுலபமான காரியம்தான். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். இவள் எழுந்து நின்று, முன்வரிசையில் இருப்பவன் யார், அவன் செய்தது என்ன என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவாள். சொல்லிவிட்டு நேரே விடுதி. ஒன்பது வருஷத் தாம்பத்தியம் அங்கேயே முடிந்தது.

மதிய மணி அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா வீட்டில் கோணி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சாக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. கிழிந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தும் தைப்பாள். கூட்டம் பாட்டுக்குக் கூட்டம், வேலை பாட்டுக்கு வேலை. ஊசி ஏறும்போதும் இறங்கும்போதும் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று மகளுக்குத் தெரியும். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ஊசியைப் பிடுங்கி வீதியில் எறியலாம் போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி துக்கம் விசாரிக்க வந்து, போகாமல் நின்றிருந்தாள். நல்ல பிள்ளைகள் மேல்தான் ஆண்டவருக்கு ஆசை, அதனால்தான் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார் என்றாள்.

அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “உன் மவன் நல்லா இருக்கானா?”

“இருக்கான்.”

“அப்போ அவன் நல்ல பிள்ளை இல்லையா?”

வந்தவள் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று கிளம்பிப் போனாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அவளைக் கேட்டியே, உன்னை யாரு கேக்கிறது?” என்று ஆரம்பித்தாள். இந்தக் கூட்டம் எதற்கு, போதகர் சொல்லிக்கொடுத்த பாடமா, வயசாகிவிட்டதால் புத்தி பிசகிவிட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். கடைசியில் கேட்கக் கூடாததையும் கேட்டாள். “பிள்ளையக் கொன்னதுக்கு நன்றி சொல்ற தாயை நான் எங்கேயும் பார்த்ததில்ல.”

அம்மாவின் ஊசி நின்றது.

“வாயை அளந்து பேசுடி. செத்ததுக்கு நன்றி சொல்லுன்னு ஆண்டவரே வந்து வாசல்ல நின்னாலும் சொல்லமாட்டேன். அவரு கேக்கவும் மாட்டாரு. அவருக்கும் ஒரு பிள்ளை செத்தது.”

பெரியவள் நின்றபடியே இருந்தாள். அம்மா மறுபடி தைக்க ஆரம்பித்தாள், தைத்துக்கொண்டே சொன்னாள். மூன்று வாரம் ஆண்டவரைத் திட்டினாளாம். வேதப்புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிடங்குக்குப் போகும்போதும் வரும்போதும், தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினாளாம். “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. ஒரு பதில் பேசல. ஆனா எழுந்தும் போகல. அது எனக்குத் தெரிஞ்சுது. எப்படின்னு கேக்காத.”

பிறகு ஒருநாள் சாக்கை உதறும்போது பழைய ஞாபகம் ஒன்று வந்ததாம். நாலு வயதில் சின்னவன் காலிச் சாக்குக்குள் புகுந்துகொள்வான். அம்மா தேடுகிற மாதிரி நடிக்க வேண்டும். ஒருநாள் நிஜமாகவே உள்ளே தூங்கிப்போய், கிடங்கே அவனைத் தேடி அலைந்தது. அதை நினைத்துத் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாளாம்.

“சிரிச்ச வாயோட சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷம் குடுத்தியே, அதுக்கு ஸ்தோத்திரம்னு. அன்னிக்குத்தான் தூங்கினேன். அதுக்கப்புறம் தேடித் தேடிச் சொல்றேன். குழாய்ல தண்ணி வந்தா சொல்றேன். ஊசில நூல் ஒரே தடவைல ஏறினா சொல்றேன். சொல்லாத அன்னிக்கு நெஞ்சுல கல்லு ஏறி உக்காந்துக்குது. நீ அந்தக் கல்லைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குற.”

“சரி, அவனுக்கு எதுக்கு முன்வரிசை?”

“அதை அவர்கிட்டயே கேளு.”

“நான் அந்த ஆள்கிட்ட பேசறதில்ல.”

“அப்போ தெரியாமலே செத்துப்போ” என்றாள் அம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஜெபவீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரும் வேலை மாப்பிள்ளையுடையது. பின்வாசலில், எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவான குழாயடி வழியாக அவன் வந்தும் போயும் கொண்டிருந்தான். வேறு யாராக இருந்தாலும் ஒரு நடையில் நாலு நாற்காலி வந்திருக்கும். இவன் இடது கையில் ஒன்று, மறுபடி போய் இன்னொன்று, சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் போல. பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு உச்சிக்கு ஏறியது. குழாயடியில் போய் வழியை மறித்து நின்றாள்.

“எங்க போன?”

ஒன்பது வருஷமாக ‘நீங்க’ என்று அழைத்தவள். ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சில் ‘நீ’ ஆனான். அவன் நாற்காலியைக் கீழே வைத்தான்.

“எங்கேயும் போகல.”

“காகிதத்துல இருக்கே.”

“பட்டறை மேஸ்திரி எழுதினாரு. நான் கையெழுத்துப் போட்டேன்.”

அவன் பேச்சுக்காரன் அல்ல. துண்டு துண்டாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பதினொன்றேகாலுக்குத் தட்டினான்; இரண்டு தட்டு திரும்பி வந்தது. பதினொன்று இருபதுக்குத் தட்டினான். உள்ளே வெல்டிங் வெளிச்சம் நின்றிருந்தது. கம்பி மாற்றுகிறான் போல என்று நினைத்தான். டக், டக் என்று இரண்டு சத்தம் வந்தது. சரி, இருக்கிறான். இருபத்தைந்துக்குத் தட்டினான். எதுவும் வரவில்லை. கயிற்றை இழுத்தான்.

“இருபதுக்கு வந்த சத்தம் மச்சான் இல்ல” என்றான். “தகடு.”

பெரியவளுக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். வெல்டிங் நின்றதும் தகட்டில் சூடு ஆறும். ஆறுகிற தகடு சுருங்கும். சுருங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் விடும்.

“பதினாறு வருஷமாக் கேக்கிற சத்தம். எனக்குத் தெரியாததா? ஒரு தடவை விடும், மூணு தடவை விடும், கணக்கே கிடையாது. அன்னிக்கு நான் தட்டின கையோட ரெண்டு விட்டுச்சு. சரியா ரெண்டு. இருக்கான்னு நினைச்சு உக்காந்துட்டேன். அஞ்சு நிமிஷம்.”

குழாயிலிருந்து வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பின்னே ஏன் எழுந்து போனதாக் கையெழுத்துப் போட்ட?”

“அது சுலபமா இருந்துச்சு.” முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். “எழுந்து போனவன்னா நாலு பேரு துப்புவாங்க. துப்பட்டும். பக்கத்துலயே உக்காந்து காதால கேட்டுக்கிட்டே சாகவிட்டேன்னு என்னால எழுத முடியல. உன்கிட்ட சொல்லவும் வாய் வரல.”

தனியாக இழுத்ததில் வலது தோள் பிசகிவிட்டதாம். அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேல் ஏறுவதில்லையாம். ஆறு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை.

“வாயு அளக்கிற மீட்டர் ஒண்ணு இருக்குமே. கூவுமே.”

“பேட்டரி இல்லாம ரெண்டு வாரமா செத்துக் கிடந்துச்சு. மேஸ்திரிக்குத் தெரியும். அது காகிதத்துல வரக் கூடாதுன்னுதான் என் தலைல எழுதினாரு. நானும் தலையைக் குடுத்தேன்.”

கதையில் வருகிற பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் அழுது அவன் மார்பில் சாய்ந்திருப்பாள். பெரியவள் வாளியை உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. தண்ணீர் இருவர் காலையும் நனைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, உடனே மூடியது.

“ஆறு வாரம் என்னைப் பேய் மாதிரி அலையவிட்டியே. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

அவன் வாளியை நிமிர்த்தி மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தான். “அத்தைகிட்ட மட்டும் சொன்னேன். மூணு வாரம் இருக்கும். ஒண்ணும் பேசல. தட்டைக் கழுவி சாப்பாடு போட்டாங்க. தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.” பிறகு சொன்னான்: “நீ பெட்டி கட்டியிருக்கறது தெரியும். போறதுன்னாப் போ. தடுக்க எனக்கு வாய் இல்ல.”

இடது கையால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பெரியவள் ஈரத்தில் நின்றாள். கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. தம்பி உறங்கிப்போன அந்த ஐந்து நிமிஷத்தின் மேல் கோபம். சுருங்கிய தகட்டின் மேல் கோபம். வாய் திறக்காத புருஷன் மேல், வாய் திறக்காத அம்மா மேல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டவர் மேல். ஆனால் எழுந்து போனவன் மேல் ஆறு வாரமாக வளர்த்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படி ஒருவன் இல்லவே இல்லை.

ஐந்து மணிக்கு அறை நிறைந்துவிட்டது. ரேடியோ சொன்னபடியே நாற்காலி போதவில்லை, பாதிப்பேர் தரையில். மாப்பிள்ளை முன்வரிசைக்கு வராமல் கதவோரம் கடைசி நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டான். காலியாகக் கிடந்த முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் மேஸ்திரி. அதே சபைக்காரர், தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் வேதப்புத்தகம். பாட்டை எல்லோரையும் விட உரக்கப் பாடினார். பெரியவள் சுவரோரம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்.

முதலில் எழுந்தது மேஸ்திரிதான். அவருக்குக் குரல் நன்றாகத் தழுதழுத்தது. இந்த வருஷம் பட்டறைக்கு வந்த பெரிய ஆபத்தைக் கர்த்தர் ஒரு உயிரோடு நிறுத்தினார் என்றார். அந்த டேங்கும் நல்லபடியாக முடிந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அதற்காக ஸ்தோத்திரம் என்றார்.

பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் ஸ்தோத்திரம் என்றார்கள். பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். மத்தியானம் முழுக்க ஓயாத அந்த உதடு இப்போது அசையவில்லை. இறுக மூடியிருந்தது.

பெரியவள் எழுந்தாள். ரேடியோ முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் உதறினாள். கடைசி நாற்காலியில் அவன் தலை தாழ்ந்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்த மாடு போல.

“எனக்கும் ஒரு ஸ்தோத்திரம் இருக்கு” என்றாள். “என் தம்பி தனியாச் சாகல. அவனை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கிட்டே ஒருத்தர் வாசல்ல இருந்தாரு. ஒரு தடவை தப்பாக் கேட்டுட்டாரு. தோள் பிசக, தனி ஆளா வெளிய இழுத்தாரு. காகிதத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி, எங்க வீட்டுக்காரர் எழுந்து போகல. அதுக்கு ஸ்தோத்திரம்.”

அம்மா மட்டும் சொன்னாள், மெதுவாக: “ஸ்தோத்திரம்.”

ஆறு வாரத்தில் முதல் தடவையாகப் பெரியவளுக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாளாக அது அவளைப் பிடித்து ஆட்டியது. இப்போது அவள் அதைப் பிடித்திருந்தாள். இந்தச் சின்ன ஆறுதலுக்கா அம்மா தையலுக்குத் தையல் முணுமுணுத்தாள் என்று தோன்றியது.

“அப்போ விடுதிக் கட்டில் வேணாமா?” என்று கீழேயிருந்து ரேடியோ கிசுகிசுத்தாள்.

“வாயை மூடு” என்றாள் பெரியவள். உட்காரவில்லை. “மேஸ்திரி அண்ணே. நீங்க ஸ்தோத்திரம் சொன்னீங்க, கேட்டோம். இதையும் சொல்லுங்க. அன்னிக்கு மீட்டர்ல பேட்டரி இருந்துச்சா?”

இது அதற்கான இடம் அல்ல, பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று போதகர் குறுக்கே வந்தார். என் வீடு, என் பிள்ளை, அவள் கேட்கட்டும் என்றாள் அம்மா.

மேஸ்திரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எழுந்தார். அவர் பதறுவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவர் பதறவில்லை.

“இருந்துச்சும்மா” என்றார். “நான்தான் புதுசாப் போட்டுக் குடுத்தேன். சும்மா சும்மா கூவுது, வேலை ஓடலேன்னு கழட்டிப் பைல போட்டது உன் தம்பி. செத்த பிள்ளையைச் சொல்லக் கூடாதுன்னுதான் எழுதாம விட்டேன். நான் பொய் சொல்றேன்னா உன் வீட்டுக்காரரையே கேளு.”

பெரியவள் திரும்பினாள். கடைசி நாற்காலியில் இருந்தவன் அவளைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது, வருத்தம் இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை. இது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மேஸ்திரி வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையில் இருந்தவர்களைத் தாண்டித் தாண்டிக் கதவை நோக்கி நடந்தார். அவருக்கு முன்னால் அம்மா அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“உக்காருங்க மேஸ்திரி” என்றாள். “ஜெபம் இன்னும் முடியல.”